மெயின்ஷீட்டும் அதன் கப்பிகளும்

சிறு பாய்ப்படகில் பாயின் அடி விளிம்பைத் தாங்கும் கழிக்குப் பூம் என்று பெயர். அந்தப் பூமை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் இருக்கும் கயிறு மெயின்ஷீட். படகோட்டியின் ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் மெயின்ஷீட். கரை சேரும்வரை இரண்டையும் கீழே வைக்க வழியில்லை. கயிற்றுக்குத் துணையாகச் சில கருவிகள் உண்டு. பூமிலும் படகின் தரையிலும் உள்ள கப்பிகள் இழுப்பை இலகுவாக்குகின்றன. ராட்செட் கப்பி கைச்சுமையைக் குறைக்கிறது. கேம் கிளீட் கயிற்றைக் கவ்விக்கொள்கிறது. டிராவலர் இழுப்பின் திசையை மாற்றுகிறது. இவற்றை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பிடிமானத்தைத்தான் சோதிக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து வைக்க ஒரு முடிச்சே போதும். கருவிக்குப் பணம் கொடுப்பது, வேண்டிய நொடியில் கயிறு தடையின்றி ஓடி வெளியேற வேண்டும் என்பதற்காக. இந்த அத்தியாயத்தில் வரும் அளவுகளும் இடத்தேர்வுகளும் அந்தத் தேவையை முன்வைத்தே சொல்லப்படுகின்றன.

துறைமுகத்துக் காற்று

சென்னையில் பாய்ப்படகுகள் பெரும்பாலும் துறைமுகத்துக்குள்ளிருந்தே புறப்படுகின்றன. ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-இல் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அப்போது மதராஸ் துறைமுகக் கழகத்தின் தலைவர். 1912-இல் அதே கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்த சீனிவாச ராமானுஜனுக்குக் கை கொடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதால் கணித வரலாற்றிலும் அவர் பெயர் நிற்கிறது. தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கமும் இதே துறைமுகத்தை மையமாகக் கொண்டதுதான்.

அலைத்தடுப்புச் சுவருக்குள் கடல் அமைதியாக இருக்கும். காற்று அப்படி இருப்பதில்லை. பங்குனி தொடங்கி ஆவணி வரை முற்பகலுக்குப் பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். திறந்த கடலில் அது சீராக வீசும். துறைமுகத்துக்குள் நிற்கும் சரக்குக் கப்பலின் மறைவில் படகு நுழைந்தால் பாய் தொங்கிவிடும். கப்பலின் முனையைத் தாண்டியதும் முழுக் காற்றும் ஒரே அறையாக விழும். கண்டெய்னர் அடுக்குகளுக்கும் கிடங்குகளுக்கும் இடையிலும் இதே கதைதான். ஆனி முதல் புரட்டாசி வரை மாலை நேரங்களில் மேற்கே இடி திரண்டு, நிலத்திலிருந்து திடீரென்று சூறை கிளம்புவதும் உண்டு. எண்ணூர்ப் பக்கம் கரையோரத்தில் ஓட்டுபவர்களுக்கு அந்தக் காற்று படகைக் கடலுக்குள் தள்ளும் திசையில் வருகிறது. ஆகவே இங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. 10 நாட் காற்று ஒரு சதுர மீட்டரில் தரும் அழுத்தம் ஏறக்குறைய 1.6 கிலோ, 20 நாட்டில் அது 6.6 கிலோ. ஏழு சதுர மீட்டர் பாய் கொண்ட படகுக்கு இது 12 கிலோவிலிருந்து 46 கிலோவாகத் தாவுவதற்குச் சமம். கப்பல் மறைவிலிருந்து வெளிவரும் படகு இந்தத் தாவலை இரண்டு மூன்று நொடிகளில் சந்திக்கிறது. அந்த நேரத்தில் கை செய்ய வேண்டியது கயிற்றை விடுவது ஒன்றே.

எத்தனைக்கு ஒன்று

கிணற்று ராட்டினம் இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும், சுமையைக் குறைக்காது. பூமிலும் ஒரு கப்பி, தரையிலும் ஒரு கப்பி என்று வைத்து, கயிறு இரண்டுக்கும் இடையே போய் வரும்போதுதான் சுமை பங்காகிறது. பூமைத் தாங்கும் கயிற்றுப் புரிகளை எண்ணினால் விகிதம் தெரிந்துவிடும்: மூன்று புரி என்றால் மூன்றுக்கு ஒன்று, நான்கு என்றால் நான்குக்கு ஒன்று. நான்குக்கு ஒன்றில் 40 கிலோ இழுப்புக்குக் கையில் 10 கிலோ போதும் என்பது கணக்கு. ஒவ்வொரு சக்கரமும் உராய்வில் கொஞ்சம் தின்றுவிடுவதால் நடப்பில் அதற்கு மேல் தேவைப்படும். குண்டு பேரிங் உள்ள கப்பியில் இழப்பு சொற்பம். வெறும் அச்சில் சுழலும் மலிவுக் கப்பியில் அது கையிலேயே தெரியும்.

விகிதத்தைக் கூட்டினால் இழுப்பது எளிதாகும், விடுவது மெதுவாகும். பலர் கவனிக்காத பக்கம் இது. ஓர் எடுத்துக்காட்டு: பூமின் கப்பி பாய்மரத்திலிருந்து 1.5 மீட்டர் பின்னால் தொங்குகிறது, தரைக் கப்பி அதற்கு நேர் கீழே 80 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது, பூம் 80 பாகை வரை வெளியே திறக்கிறது என்று கொள்வோம். முழுதும் திறந்த நிலையில் இரண்டு கப்பிகளுக்கும் இடையே ஏறக்குறைய 2.1 மீட்டர் தூரம். நான்கு புரிக்கு 8.4 மீட்டர், கைக்கும் மிச்சத்துக்கும் இரண்டு மீட்டர் சேர்த்தால் சுமார் 10.5 மீட்டர் கயிறு வேண்டும். மூன்று புரி என்றால் 8.3 மீட்டரிலேயே முடிந்துவிடும். பாயை முழுக்க உள்ளே இழுத்து ஓடும்போது நான்கு புரி அமைப்பில் ஐந்து மீட்டருக்கு மேல் கயிறு காலடியில் குவிந்து கிடக்கும். சூறை விழும் நொடியில் அந்தக் குவியலில் ஒரு சிக்கு இருந்தாலோ, குதிகால் அதன் மேல் நின்றாலோ, எவ்வளவு விலை உயர்ந்த கப்பியாலும் பயனில்லை.

ஏழு சதுர மீட்டருக்கு உட்பட்ட பாய்க்கு மூன்றுக்கு ஒன்று போதும். பத்து சதுர மீட்டரை நெருங்கும் இருவர் படகுக்கு நான்கு. அதற்கு மேல் தேவைப்படுவதாகத் தோன்றினால், புரியைக் கூட்டும் முன் கப்பிகள் தேய்ந்திருக்கின்றனவா, பூமின் எந்த இடத்தில் இழுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பூமின் பின்முனையில் இழுப்பதைவிட நடுவில் இழுக்கும்போது விசை ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்படும். நடுவில் இழுப்பதில் வசதி உண்டு. கயிறு நேரே ஓட்டுபவரின் கைக்கு முன்னால் வருகிறது. அந்த வசதிக்கான விலையைப் புரிகளில் கட்டவேண்டியிருக்கிறது.

இரண்டு படகுகள்

துறைமுகத்தில் கற்பவர் முதலில் தொடுவது ஆப்டிமிஸ்ட். 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, பெட்டி போன்ற உடல். 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியருக்கானது. பூமின் நடுப்பகுதியில் ஒரு கயிற்று வளையம் தொங்கும். அதில் ஒரு கப்பி, தரையில் ஒரு ராட்செட் கப்பி. பொதுவாக மூன்றுக்கு ஒன்று. கயிற்றின் இழுப்பு பூமின் ஒரே புள்ளியில் விழாமல் பரவுவதற்காகவே அந்த வளையம். அதன் நீளத்தை, பாயை முழுதும் உள்ளே இழுக்கும்போது இரண்டு கப்பிகளும் முட்டிக்கொள்ளாத அளவுக்குக் குறைக்க வேண்டும். முட்டிக்கொண்டால் அதற்கு மேல் பாயை இறுக்கவே முடியாது. இந்தப் படகில் மெயின்ஷீட்டுக்குக் கிளீட் வைப்பது தவறு. பத்து வயதுப் பிள்ளை கிளீட்டில் மாட்டிய கயிற்றை நம்பிக் கையை எடுத்துவிடும். சூறையில் அதை உதறி எடுக்கும் பலம் அந்தக் கைக்கு இருக்காது.

அடுத்தது லேசர், 2019 முதல் ஐஎல்சிஏ என்ற பெயரில் ஓடுகிறது. ஒரே உடலுக்கு 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று மூன்று அளவுப் பாய்கள். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் போட்டியில் ஓட்டியது நடு அளவுப் பாயைக் கொண்ட இந்தப் படகைத்தான். பாய்ப்படகில் ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

லேசரில் கயிறு போகும் வழி இது. நுனியை பூமின் பின்முனைக் கப்பிக்கு அடியிலுள்ள வளையத்தில் கட்ட வேண்டும். அங்கிருந்து கீழே டிராவலர் கப்பிக்குள் நுழைந்து, மேலே ஏறி பின்முனைக் கப்பிச் சக்கரத்தைச் சுற்றி, பூமின் அடியோடு முன்னோக்கி ஒரு வழிகாட்டி வளையத்தின் வழியே நடுக் கப்பிக்கு வருகிறது. நடுக் கப்பியிலிருந்து தரை ராட்செட்டுக்கு இறங்கி, அதைச் சுற்றிக் கைக்கு வருகிறது. வழிகாட்டி வளையத்தைத் தவறவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அப்போது பூமுக்கு அடியில் கயிறு தோரணமாகத் தொங்கி, படகைத் திருப்பும்போது ஓட்டுபவரின் கழுத்திலோ சுக்கான் பிடியிலோ மாட்டும்.

கையில் இருக்கும் நுனியைச் சும்மா விடக்கூடாது. எட்டு வடிவ முடிச்சுப் போட்டாலும் சரி, உடலைச் சாய்க்க உதவும் கால்பட்டையின் அடியில் கட்டினாலும் சரி. கயிறு கப்பியை விட்டே உருவிப் போவதை அது தடுக்கும். ஆனால் முடிச்சு கயிற்றின் கடைசி முனையில் இருக்க வேண்டும். நடுவில் போட்டால் பூம் பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும், படகு கவிழும்.

கயிறு

மெயின்ஷீட்டின் தடிமனைத் தீர்மானிப்பது கையின் வசதிதான். 8 மி.மீ. பாலியெஸ்டர் இரட்டைப் பின்னல் கயிறு ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். சிறு படகு அதில் சிறு பங்கைக்கூடக் கேட்பதில்லை. ஆறு மி.மீ. கயிறும் வலுவில் போதும், ஆனால் அரை மணி நேரத்தில் விரல் மடிப்புகளை அறுக்கும். சிறுவர் படகுக்கு 7 முதல் 8, மற்றவற்றுக்கு 8 முதல் 10 மி.மீ. என்பது பொருத்தம்.

காசிமேட்டுக் கடைகளில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே தொங்குவது பெரும்பாலும் வலைக்கும் நங்கூரத்துக்குமான கயிறு. நைலான் இழுத்தால் நீளும். நங்கூரத்துக்கு அது நல்ல குணம். மெயின்ஷீட்டில் அதே குணம், கை இழுத்ததைப் பூமுக்குத் தெரிவிக்காமல் நடுவில் விழுங்கிவிடும். பாலிபுரோப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், விலையும் குறைவு. வெயிலில் சில மாதங்களில் சொரசொரப்பாகி நார் நாராகப் பிரிந்து கையைக் குத்தும், ராட்செட்டில் வழுக்கும். முறுக்குக் கயிறு எந்தப் பொருளானாலும் கப்பிக்குள் புரி மாறிச் சிக்கு விழும். பின்னல் கயிறாக, பாலியெஸ்டராக இருக்க வேண்டும். வாங்கும்போது ஒரு முழத்தை வளைத்துப் பார்த்தால், விறைப்பில்லாமல் மடிந்து, விட்டதும் சுருளாமல் கிடப்பதே ஏற்றது.

கப்பிச் சக்கரத்தின் குறுக்களவு கயிற்றின் தடிமனைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். 8 மி.மீ. கயிற்றுக்கு 40 மி.மீ. சக்கரம், ராட்செட்டுக்கு 57 மி.மீ. அளவு பரவலாகக் கிடைக்கிறது.

ராட்செட்டும் கிளீட்டும்

ராட்செட் கப்பியின் சக்கரம் ஒரு திசையில் மட்டும் சுழலும். கயிற்றை இழுக்கும்போது சக்கரம் டிக்டிக் என்று ஓடி வழிவிடும். இழுப்பை நிறுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்; அதன் பட்டைப் பள்ளத்தில் கயிறு உராய்ந்து நிற்கும். கைக்கு மிச்சம் சிறு பங்குச் சுமைதான். கையைத் தளர்த்தினால் கயிறு வழுக்கி வெளியேறும். பிடிப்பும் விடுதலும் ஒரே கருவியில் கூடிவருவதால், சிறு படகில் கிளீட்டைவிட ராட்செட்டுக்கு முதலிடம் தருவது நியாயம்.

சக்கரத்தைக் கயிறு எவ்வளவு தழுவுகிறது என்பதைப் பொறுத்து உராய்வு கூடும். கயிறு கால் சுற்றுக்குக் குறைவாகத் தழுவினால் ராட்செட் இருந்தும் இல்லாததற்குச் சமம். அரைச் சுற்றை நெருங்கினால் நல்ல பிடி. கப்பி தலைசாய்ந்து கிடந்தால் தழுவல் குறையும் என்பதால், அதை நிமிர்த்தி நிறுத்த அடியில் ஒரு சுருள்வில் வைப்பார்கள். கயிற்றைத் தலைகீழாகக் கோப்பதும் நடப்பதுதான். இழுக்கும்போது டிக்டிக் ஓசை வராமல் கயிறு கனத்தால் கோத்த திசை தவறு. கழற்றி மாற்ற வேண்டும். பெரும்பாலான ராட்செட்டுகளின் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. ஐந்தாறு நாட் மெல்லிய காற்றில் அதை அணைத்துவிட்டால் சக்கரம் இரு திசையிலும் தாராளமாக ஓடும், பாய் தானாக வெளியே போகும்.

கேம் கிளீட் என்பது பல் வைத்த இரண்டு கவ்விகள். கயிற்றை அவற்றின் இடையே அழுத்தினால் கவ்வும்; மேல்நோக்கி உதறினால் விடும். இருவர் படகில், நீண்ட ஓட்டத்தில், அது தோளுக்கு ஓய்வு தரும். பொருத்துவதாக இருந்தால் கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஓட்டுபவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து, உடலை வெளியே முழுதும் சாய்த்து, கையை நீட்டிய நிலையில் கயிற்றை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் அது கவ்வியை விட்டு எழ வேண்டும். கிளீட் அதிக உயரத்தில் இருந்தால் கயிறு விரும்பாமலே கவ்வப்படும். கவிழ்ந்த படகுகளின் கதையில் இது அடிக்கடி வரும். மிகத் தாழ்ந்திருந்தால் எளிதில் கவ்வாது. அந்தத் தொல்லை பொறுக்கத்தக்கது. ஐயம் வந்தால் ஒரு படி தாழ்த்தி வைப்பதே மேல். வலது விளிம்பிலிருந்து பார்த்துவிட்டு இடது விளிம்பிலிருந்தும் பார்க்க வேண்டும். சுழல் அடித்தட்டு இல்லாத கிளீட் ஒரு பக்கத்துக்கு மட்டும் உதவும்.

துறைமுகத்துக்குள், கப்பல்களுக்கு நடுவே, கிளீட்டில் கயிறு இருக்கக் கூடாது.

டிராவலர்

மெயின்ஷீட் இரண்டு வேலை செய்கிறது: பூமைப் படகின் நடுக்கோட்டை நோக்கி இழுக்கிறது, கீழ்நோக்கியும் இழுக்கிறது. கீழிழுப்பு கூடினால் பாயின் பின்விளிம்பு இறுகும். இரண்டையும் பிரித்துக் கையாள விரும்பினால் டிராவலர் வேண்டும்: படகின் குறுக்கே ஒரு தண்டவாளம், அதில் கப்பியோடு நகரும் வண்டி. மெல்லிய காற்றில் டிராவலர் வண்டியைக் காற்று வரும் பக்கம் ஏற்றி வைத்தால், கயிற்றை இறுக்காமலே பூம் நடுவுக்கு வரும். பலத்த காற்றில் வண்டியைக் காற்று போகும் பக்கம் இறக்கினால், பாயின் வடிவம் கெடாமல் பூம் வெளியே நகரும்.

லேசரில் தண்டவாளமும் வண்டியும் கிடையாது. பின்தளத்தின் இரு ஓரத்து வளையங்களையும் முக்கோணமாக இணைக்கும் கயிறே டிராவலர். சுக்கான் பிடி அதற்கு அடியில் நுழைந்து போகிறது. அந்தக் கயிறு தளர்ந்திருந்தால் கப்பி எழும்பி நடுவுக்கு வந்துவிடும், பூம் போக வேண்டிய ஓரத்துக்குப் போகாது. காற்றை எதிர்த்து ஓடும்போது அதைக் கல் போல இறுக்க வேண்டும். இறுக்கினால் சுக்கான் பிடியின் மேல்புறம் உரசித் தேயும். அங்கே ஒரு வழுவழுப்பான தகடு ஒட்டினால் கயிறும் பிடியும் பிழைக்கும்.

தண்டவாள டிராவலர் பொருத்தும்போது தளம் ஒரே மட்டமாக இருப்பது முக்கியம். வளைந்த தளத்தில் திருகி இறுக்கினால் தண்டவாளமும் வளையும், வண்டி நடுவில் மாட்டும். தளத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எபாக்சிப் பசையால் மட்டம் நிரப்பிவிட்டுப் பிறகு போல்ட் இட வேண்டும். தண்டவாளத்தில் கொடுத்திருக்கும் எல்லாத் துளைகளிலும் போல்ட் வர வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று போட்டு மிச்சம் பிடிப்பது சிக்கனமல்ல. இரு முனைகளிலும் தடுப்பு இல்லாவிட்டால் வண்டி கழன்று, பேரிங் குண்டுகள் படகெங்கும் சிதறும்.

தரையிலும் பூமிலும்

தரைக் கப்பியின் மேல் விழும் சுமை கயிற்றில் உள்ள இழுப்பைவிட அதிகமாகவே இருக்கும். கயிறு 90 பாகை திரும்பினால் கப்பிக்கு 1.4 மடங்கு, 120 பாகைக்கு 1.7, முழுதும் மடங்கித் திரும்பினால் இரு மடங்கு. பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து நிற்கும் அதிர்ச்சி இதற்கு மேல். ஆகவே மரத்திருகாணி போதாது. தரையைத் துளைத்து 6 மி.மீ. போல்ட் இட்டு, அடியில் அகலத் தட்டு வைத்து நட் முடுக்க வேண்டும். அடித்தட்டு 6 அல்லது 8 மி.மீ. மரைன் பிளைவுட்டாகவோ கண்ணாடியிழைத் தகடாகவோ இருக்கலாம். நடுவில் நுரையோ பால்சா மரமோ வைத்த கண்ணாடியிழைத் தளமானால், துளையைப் பெரிதாகப் போட்டு, உள்ளே கெட்டியான எபாக்சி நிரப்பி, ஆறிய பின் மீண்டும் போல்ட் அளவுக்குத் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் நட் முடுக்கும்போது தளம் நசுங்கும், நாளடைவில் தண்ணீர் உள்ளே இறங்கி நுரை ஊறும்.

துளைபோடும் முன் இடத்தை உறுதிசெய்ய எளிய வழி: பாயைக் கட்டி, பூமை ஓடும் உயரத்துக்குக் கொண்டுவந்து, பூம் கப்பியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்ப்பது. குண்டு தொடும் இடமே தரைக் கப்பியின் இடம். அதிலிருந்து முன்னோ பின்னோ விலகினால் மெயின்ஷீட்டின் இழுப்பில் ஒரு பகுதி பூமைப் பாய்மரத்தில் அழுத்துவதிலோ அதிலிருந்து பிடுங்குவதிலோ வீணாகும்.

பூம் அலுமினியம், அதில் பதிக்கும் வளையம் துருவேறா எஃகு. உப்புத் தண்ணீர் இரண்டையும் தொட்டால் சிறு மின்கலம் உருவாகி அலுமினியம் அரிபடும். வெள்ளைப் பொடி கக்கி, துளை பெரிதாகி, ஒரு நாள் ரிவெட்டோடு வளையம் கையில் வந்துவிடும். இடையே நைலான் வாஷரும், திருகில் மின்தடைப் பசையும் வைத்தால் இது தள்ளிப்போகும். துளையே போடாமல் இருப்பது அதைவிட நல்லது. பூமைச் சுற்றி டைனீமா கயிற்றால் ஒரு வளையம் பின்னி அதில் கப்பியைத் தொங்கவிடலாம். 3 மி.மீ. டைனீமா ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். அது முன்பின் நகராதிருக்கச் சிறிய வழிகாட்டி வளையம் ஒன்று போதும். அதன் மேல் சுமை இல்லை.

தட்டு, வாஷர், இடைக்குழாய் போன்ற சின்னச் சாமான்களுக்கு வெளிநாட்டுப் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை. எண்ணூரின் அசோக் லேலண்டையும் திருவொற்றியூரின் என்ஃபீல்டையும் நம்பி வளர்ந்த பகுதி இது. லேத் பட்டறைக்குக் குறைவில்லை. பட்டறையில் கேட்க வேண்டியது எஸ்.எஸ். 316. கேட்காவிட்டால் 304, சில நேரம் 202 கிடைக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை. மூன்றிலும் அது பெரும்பாலும் ஒட்டாது. 316-இல் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால்தான். சான்றிதழோடு வரும் கம்பியையோ தகட்டையோ வாங்கிக் கொடுத்துக் கடையச் சொல்வது பாதுகாப்பு. எஃகு நட்டை எஃகு போல்ட்டில் வேகமாக முடுக்கினால் மரை இறுகிப் பூட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் பசை தடவி, கையாலேயே மெதுவாக முடுக்க வேண்டும்.

உப்பு, தூசி, எண்ணெய்

வடசென்னைக் காற்றில் கடல் உப்பு மட்டும் இல்லை. மணலியின் சுத்திகரிப்பு ஆலைகள், எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், நிலக்கரி இறக்கும் காமராஜர் துறைமுகம் எல்லாம் அருகருகே. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவதைச் சென்னை உயர் நீதிமன்ற ஆணை 2011 அக்டோபரோடு நிறுத்தியது. அதுவரை ராயபுரத்து வீட்டு மாடிகளில் படிந்த கரி, படகுக் கப்பிகளிலும் படிந்தது. இன்றும் வாடைக் காற்றில் தூசி தெற்கே வருகிறது. அமில வாயுவும் உப்பும் சேரும்போது துருவேறா எஃகும் தேநீர்க் கறை போலப் பழுக்கும்.

இங்கே கப்பிக்கு கிரீஸ் போடக்கூடாது. பட்டறைப் பழக்கம் கையை கிரீஸ் டப்பாவுக்கு இழுக்கும். கரித்தூளும் சாம்பலும் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிப் பேரிங் குண்டுகளைத் தின்னும். குண்டு பேரிங் கப்பிக்குத் தேவை நல்ல தண்ணீர் மட்டுமே. சக்கரத்தைச் சுழற்றியபடி தண்ணீர் பீய்ச்ச வேண்டும். நல்ல தண்ணீர் என்பதில் ஒரு சிக்கல் உண்டு: இப்பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்தது பழைய செய்தி. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய ஊர் இது. நாக்கில் கரிக்கும் தண்ணீரில் கப்பியைக் கழுவுவது உப்பை மாற்றி உப்பு வைப்பதே. மெட்ரோ வாட்டரோ மழைநீரோ ஒரு வாளி ஒதுக்கினால் ஒரு படகின் கப்பிகளுக்குத் தாராளம்.

எண்ணெய் வேறு விதம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர் வலையும் படகும் எண்ணெயில் ஊறின. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தண்ணீரில் டீசல் படலம் அன்றாடம். எண்ணெய் ஏறிய மெயின்ஷீட் ராட்செட்டில் நிற்காது, ஈரக் கையிலும் நிற்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். பெட்ரோலும் தின்னரும் கப்பியின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

சோதனை

எல்லாம் பொருத்திய பின் படகைக் கரையில், வண்டியின் மேலேயே, அணியம் எனும் முன்முனை காற்றைப் பார்க்க நிறுத்திப் பாயை ஏற்ற வேண்டும். முழுதும் உள்ளே இழுத்த நிலையில் இரண்டு கப்பிகளுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி மிஞ்சுகிறதா? பூமை ஒரு பக்கம் கையால் தள்ளிக்கொண்டே போனால் கயிறு எங்கும் மாட்டாமல் கடைசிவரை ஓடுகிறதா? இரு பக்கமும் தனித்தனியே பார்க்க வேண்டும். கயிறு கப்பியின் கன்னத்தில் உரசினால் கப்பி தானாகத் திரும்ப இடமில்லை என்று பொருள். சுழல் வளையம் சேர்த்தால் சரியாகும். கப்பிகளை மாட்டும் ஷேக்கிள்களின் திருகு முனைகளை மெல்லிய கம்பியால் கட்டிப் பூட்ட வேண்டும்.

தண்ணீரில் முதல் ஓட்டம் எட்டு நாட்டுக்குக் குறைந்த காற்றில், கப்பல் மறைவு இல்லாத இடத்தில் இருக்கட்டும். காற்று பக்கவாட்டில் வர ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை முழுதும் கைவிட வேண்டும். பூம் தானாக வெளியே போய், பாய் கொடியாகப் படபடத்து, படகு நிமிர்ந்து நின்றால் அமைப்பு சரி. பூம் பாதியில் தயங்கினால் உராய்வு எங்கோ மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் அது தேய்ந்த ஒரு கப்பி, தடித்த கயிறு, அல்லது தேவைக்கு மேற்பட்ட ஒரு புரி. இந்தச் சோதனையை ராட்செட் இயங்கும் நிலையிலும் அணைத்த நிலையிலும், இரு பக்கமும் செய்ய வேண்டும்.

பருவத்துக்கு இரு முறை கருவிகளைக் கழற்றிப் பார்ப்பது வழக்கமாகட்டும். சக்கரத்தை விரலால் சுண்டினால் சில சுற்றாவது ஓட வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. ராட்செட்டின் பட்டைப் பள்ளம் மழுங்கி வட்டமாகியிருந்தால் சக்கரத்தையோ கப்பியையோ மாற்ற வேண்டும். கேம் கிளீட்டின் பல் தேய்ந்தால் கயிறு நழுவும், கவ்வியின் சுருள்வில் தளர்ந்தால் சரியாகக் கவ்வாது. கயிறு எப்போதும் ஒரே இடத்தில் கப்பியில் நிற்பதால் அங்கே மட்டும் தேயும். முனையை மாற்றிக் கோத்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். ஐப்பசிக்கு முன் கடைசிச் சோதனை. வடகிழக்குப் பருவத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் பூமையும் மெயின்ஷீட்டையும் கப்பிகளோடு மொத்தமாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, கூரைக்குள் தொங்கவிட வேண்டும். தளத்தில் மிஞ்சும் தண்டவாளத்தையும் தரை வளையத்தையும் ஒரு துணியால் சுற்றிக் கட்டினால் போதும்.